கொக்கியை எங்கே மாட்டுவது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோயில். ஏழு நிலை ராஜகோபுரம். பாலாலயம் முடிந்து, குடமுழுக்கு வேலைகளுக்காகச் சாரம் ஏறிக்கொண்டிருந்தது. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுகிறவர்களைப் பற்றியும் சுதைச் சிற்பிகளைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறோம். அவர்கள் நின்று வேலை செய்ய இடம் கட்டித் தருகிற சாரக்காரர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

சவுக்குக் கட்டைகள் மதிலோரம் அடுக்கிக் கிடந்தன. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு கட்டையையும் உருட்டிப் பார்த்து, வெடிப்பு உள்ளதைத் தனியே தள்ளினார். "மேல போற கட்டை லேசா இருக்கலாம் தம்பி. அடியில நிக்கிறது வைரம் பாஞ்சதா இருக்கணும்" என்றார். ஒரு கட்டை முடிகிற இடத்தில் அடுத்ததை நன்றாக ஒட்டவைத்து, இரண்டு மூன்று இடங்களில் கயிற்றால் இறுக்குகிறார்கள். கோபுரத்தில் ஆணி அடிப்பதில்லை. சுதை உருவங்களின் மேல் பாரம் விழக் கூடாது என்பதால், கட்டை உரசும் இடங்களில் சாக்கு வைக்கிறார்கள். கோபுரம் மேலே போகப் போகக் குறுகுவதால் சாரமும் நிலைக்கு நிலை உள்வாங்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் நடுவே இருக்கும் வாசல் வழியாகக் கட்டைகளை உள்ளே விட்டு, உட்புறத்தில் குறுக்குக் கட்டை போட்டுப் பிணைக்கிறார்கள். வரைபடம் எதுவும் கிடையாது. மேஸ்திரி கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொல்கிற சொல்தான் அளவு.

மூன்றாம் நிலையில் வேலை செய்த இளைஞர் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்கிற முழு உடல் பெல்ட் போட்டிருந்தார். கயிற்றின் கொக்கி மட்டும் அவருடைய பெல்ட் வளையத்திலேயே மாட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"எங்க மாட்டுறது சார்? பின்னால வர்றவங்களுக்கு நான் கட்டின கட்டை இருக்கும். எனக்கு மேல என்ன இருக்கு?"

உயரத்தில் வேலை செய்வோரின் பாதுகாப்பைப் பற்றிய பேச்செல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'பெல்ட் போட்டியா?' என்று கேட்பது சுலபம். கொக்கி மாட்ட இடமில்லாத பெல்ட் உடம்புக்குக் கூடுதல் சுமை, அவ்வளவுதான்.

தடையில்லாமல் விழுகிற ஒரு மனிதர் முதல் விநாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கிவிடுகிறார். 10 மீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தைக் கயிறு சட்டென்று நிறுத்தினால் அந்த இழுப்பே உடம்பை உடைத்துவிடும். அதனால்தான் இடுப்பை மட்டும் சுற்றும் பழைய பெல்ட்டை விழுகிறவரைத் தாங்கப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1998 முதல் தடுத்துவிட்டார்கள். முழு உடல் பெல்ட்டின் கயிற்றில் ஒரு சிறு பொதி இருக்கும். விழும்போது அதன் தையல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து வேகத்தை உறிஞ்சும். அப்படி உறிஞ்சிய பிறகும், கொக்கி மாட்டிய இடத்தில் சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வரலாம். கயிற்றால் கட்டிய சவுக்குக் கட்டையை அதற்கு நம்ப முடியாது.

அதோடு முடியவில்லை. 2 மீட்டர் கயிறு, கிழிந்து நீளும் பொதி, ஆளின் உயரம் எல்லாம் சேர்ந்தால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டர் வெற்றிடமாவது வேண்டும். கோபுரமோ கீழே போகப் போக அகலமாகிறது. விழுகிறவர் கயிறு இறுகும் முன்பே கீழ்நிலையின் கொடுங்கையிலோ துவாரபாலகரின் கதாயுதத்திலோ மோதிவிடுவார். ஆகவே, விழுந்தபின் பிடிக்கும் ஏற்பாட்டைவிட, விழவே விடாத ஏற்பாடுதான் கோபுரத்துக்குப் பொருந்தும்: நெருக்கமான பலகை, இடுப்பளவில் தடுப்புக் கட்டை, தளர்வில்லாத குட்டைக் கயிறு.

கொக்கி மாட்ட இடமும் அந்தக் கோபுரத்திலேயே இருந்தது. திருப்பணியை மேற்பார்த்த பொறியாளர் அதைக் காட்டினார். கோபுரத்தின் உள்ளே ஏறிப் போகப் படியும் ஏணியும் உண்டு. சாரம் மூன்றாம் நிலையில் இருக்கும்போதே ஆள் உள்வழியாக ஏழாம் நிலைக்குப் போய்விடலாம். சுவரின் உறுதியைச் சோதித்து, வாசலைவிட நீளமான இரும்புக் குழாயை உட்புறமாகக் குறுக்கே வைத்தால், வெளியிலிருந்து இழுக்கும் எந்தப் பாரமும் சுவரில்தான் போய் நிற்கும். அதிலிருந்து ஆளுக்கொரு கயிறு வெளியே தொங்கவிட வேண்டும். விளிம்பில் கயிறு அறுபடாமல் சாக்கு வைக்க வேண்டும். ஏறும்போது கூடவே நகர்ந்து, சறுக்கினால் கவ்விக்கொள்ளும் இரும்புப் பிடி ஒன்றை அந்தக் கயிற்றில் கோத்து பெல்ட்டோடு இணைத்தால், முன்னால் ஏறுகிற சாரக்காரருக்கும் தலைக்கு மேல் பிடிமானம் கிடைத்துவிடும். அன்று மதியமே குழாய்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மேஸ்திரி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இது சாமி வேலை. நாப்பது வருசமா அவர்தான் பாத்துக்கறார்" என்றார். அந்த நம்பிக்கையில் எனக்குக் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பேசப் பேச வேறு காரணம் வெளிவந்தது. சாரம் மொத்தக் குத்தகை. இத்தனை நாளில் முடித்தால் இவ்வளவு என்று பேச்சு. குழாய் வைத்து, கயிறு கட்டி, பிடியை மாட்டிக் கழற்றினால் நாள் நீளும். நீள்கிற நாளின் கூலி அவர் கையிலிருந்து போகும். ஆபத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு ஆகும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் அங்கே தீராத வழக்கு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விழுந்தவரைப் பெல்ட் தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அசையாமல் தொங்கும் உடம்பில் இரத்தம் கால்களில் தேங்கும்; சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். 108 ஆம்புலன்ஸ் கோபுரத்தடி வரைதான் வரும். மேலிருந்து இறக்குவது யார், எந்த வழியாக, எந்தக் கயிற்றால் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்து ஒருமுறை செய்தும் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை விழுகையைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996இல் வந்த மத்தியச் சட்டம், பழுதுபார்ப்பையும் பராமரிப்பையும் கட்டட வேலையாகவே கணக்கில் எடுத்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பை வேலை தருகிறவர் மேல் வைத்தது. கோயில் வேலை என்பதால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது.

திருப்பணி என்றால் உபயதாரர்கள் முன்வருவது நம் ஊர் வழக்கம். கலசத்துக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், அன்னதானத்துக்கு ஒருவர். அந்தப் பட்டியலில் சாரக்காரரின் பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் ஓர் உபயம் சேரட்டும். திருப்பணிக் குழு போடும் மதிப்பீட்டில், சவுக்குக் கட்டைக்கும் கயிற்றுக்கும் அடுத்த வரியாகப் பிடிமானக் குழாய்களும், அவற்றை மாட்டிக் கழற்ற ஆகும் நாள்களின் கூலியும் எழுதப்படட்டும். முதல் கட்டை நடுவதற்கு முன் குழுவினர் மேஸ்திரியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதலில் ஏறுகிறவர் கொக்கியை எங்கே மாட்டுவார்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை யாரையும் மேலே ஏற்றக் கூடாது.