ஐஸ்லாந்தில் குடும்பப்பெயர் இல்லை

ஐஸ்லாந்தில் ஜனாதிபதியைக்கூட அவருடைய சொந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். 1980இல் அங்கே ஜனாதிபதியானவர் விக்டிஸ் பின்பொகாடோட்டிர். உலகிலேயே மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த முதல் பெண் ஜனாதிபதி அவர்தான். பதினாறு வருடம் பதவியில் இருந்தார். ஆனாலும் நாட்டுக்கே அவர் வெறும் 'விக்டிஸ்'. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பின்பொகாடோட்டிர் என்றால் 'பின்பொகியின் மகள்' என்று அர்த்தம். அது அவருடைய அப்பா யார் என்று சொல்கிற சொல், அவ்வளவுதான்.

யோன் என்பவரின் மகன் யோன்சொன், மகள் யோன்ஸ்டோட்டிர். விரும்பினால் அம்மாவின் பெயரையும் வைக்கலாம். கல்யாணம் கட்டினாலும் பெண் பெயரை மாற்றுவதில்லை. அதனால் நாலு பேர் உள்ள வீட்டில் நாலு பின்பெயர் இருக்கலாம். தொலைபேசிப் புத்தகமும் சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் இருந்தது. குடும்பப்பெயர் உள்ளவர்கள் மிகச் சிலரே.

இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எங்கள் ஊர் வழக்கமும் இதுதானே. முன்னால் அப்பாவின் பெயர், அல்லது அதன் முதலெழுத்து. பிறகு சொந்தப் பெயர்.

எண்பதுகளில் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தபோது, படிவத்தில் 'நாஹ்நாம' என்றொரு கட்டம் இருந்தது. அதில் அவர் தன் அப்பாவின் பெயரை எழுதினார். அந்தப் பெயர் பிறகு அம்மாவுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. இப்போது திங்கட்கிழமை காலைக் கூட்டங்களில் வாடிக்கையாளர்கள் 'ஹெர்' போட்டுக் கூப்பிடுவது என்னையல்ல, பனியையே கண்டிராத ஒரு தோட்டக்காரரை. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் எங்கேயுமே இல்லை. உங்களில் சிலருடைய வீட்டில் இது வேறு மாதிரி நடந்திருக்கும்: அப்பாவின் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகி, அம்மாவையும் அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள்.

போன செப்டெம்பரில் நானும் மனைவியும் ஐஸ்லாந்து போனோம். பிராங்க்பேர்ட்டிலிருந்து விமானத்தில் மூன்றரை மணித்தியாலம். (குளியலறைச் சுடுதண்ணியில் அவித்த முட்டை மணக்கும். பயப்பட வேண்டாம், நிலத்தடி வெந்நீரில் இருக்கிற கந்தகம்.) திங்வெட்லிர் என்ற இடத்தில்தான் 930ஆம் ஆண்டு அவர்களுடைய முதல் நாடாளுமன்றம் திறந்தவெளியில் கூடியது. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஐஸ்லாந்தில் வருடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவில் விலகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வழிகாட்டிப் பெண்ணுக்கு நான் எங்கள் பெயர் முறையை விளக்கினேன். அவர் கேட்டார்: "அப்படியென்றால் உங்களை ஏன் தாத்தாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள்?" கட்டத்தின் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

என் தொழிலைக் கேட்டுவிட்டு, கொம்பியூட்டருக்கு ஐஸ்லாந்து மொழியில் 'தொல்வா' என்று சொல்லித்தந்தார். 'எண்' என்ற சொல்லையும் 'குறிசொல்பவள்' என்ற சொல்லையும் இணைத்துச் செய்தது. எங்கள் கணினிக்குள்ளும் 'கணி' இருக்கிறது. கணியன் என்றால் சோதிடன். அன்று முழுக்க எனக்கு இதே சந்தோஷம்.

அதற்காக ஐஸ்லாந்தைத் தலையில் தூக்கிவைக்கவும் முடியாது. 1990கள் வரை குடியுரிமை எடுக்கிற வெளிநாட்டவர் ஐஸ்லாந்துப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் அப்பாமாருக்கு ஜேர்மனி அப்படிச் சொல்லவில்லை. கட்டத்தை நிரப்பச் சொன்னது, அவ்வளவுதான்.

ஜேர்மனியிலும் இந்த முறை இருந்தது. வடக்கே ஒஸ்ற்பிறீஸ்லாந்தில் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரைத்தான் பின்பெயராக வைத்தார்கள். 1811இல் நெப்போலியனின் ஆணை நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது. 2025 மே மாதம் வந்த புதிய பெயர்ச் சட்டம் பிறீசிய மக்களுக்கு அந்தப் பழைய உரிமையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. 200 வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்தப் பிரிவு எங்களுக்கானதல்ல. எங்களுக்கு மார்ச் மாதம் மகள் பிறக்கப்போகிறாள். பதிவு அலுவலகத்தில் அவளும் தாத்தாவின் பெயரையே வாங்குவாள். அவளுக்கு அவர் பூட்டன். தமிழில் எழுதும்போது முதலெழுத்தாவது சரியாக இருக்கட்டும், என் பெயரின் எழுத்தைப் போடுவோம் என்று வீட்டில் சொன்னேன்.

"ஏன், என்ர எழுத்தைப் போடேலாதோ?" என்று மனைவி கேட்டாள். "ஐஸ்லாந்தில போடலாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ரெண்டு எழுத்தையும் போடுங்கோவன்."