ஐந்து பேருக்கு ஒரு மேசை

வேலைக்காக பெர்த் போகும் தேதி முடிவானதும், "போறதுக்கு முந்தின ஞாயிறு எல்லாரும் வெளியே போய்ச் சாப்பிடுவோம். கடையை நீயே பாரு" என்றார் அப்பா. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

முதலில் மரினா பே பக்கம் ஒரு பஃபே. தலைக்கு 88 வெள்ளி. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஐந்து பேருக்கு 527 வெள்ளியைத் தாண்டியது. "பரவாயில்லம்மா" என்றார் அப்பா. பாட்டிதான், "அங்கே சோறு உண்டா?" என்று கேட்டார். உண்டு. ஆனால் பாட்டி சோறு என்று சொல்கிற சோறு கிடையாது.

அடுத்தது சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ். 1947இலிருந்து இருக்கிற கடை. தாத்தா பாட்டியை முதன்முதலில் வெளியே அழைத்துப் போனது அங்கேதான். பாட்டி உடனே சேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். "பிள்ளை ஊருக்குப் போறா, சைவமா?" என்று அம்மா முகத்தைச் சுருக்கினார்.

உண்மையில் சிக்கல் கடையில் இல்லை. அப்பாவும் அண்ணனும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. காரணம் இங்கே வேண்டாம்; இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். "அண்ணன் சாப்பிட்டானான்னு கேளு", "கரண்ட் பில் கட்டிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு" எல்லாம் என் வழியாகத்தான் போகும். ஆலயத்திலும் ஒரே வரிசை, நடுவில் நான். நான் போன பிறகு அந்த இடத்தில் யார் உட்காருவது என்ற யோசனை விசா வந்த நாளிலிருந்தே இருந்தது.

எந்தக் கடையைச் சொன்னாலும் அண்ணனுக்கு அன்றைக்கு ஷிஃப்ட் இருந்தது. கடைசியில், "ரேஸ் கோர்ஸ் ரோடு, மீன் தலைக் கறி" என்று அனுப்பினேன். "எத்தனை மணி?" என்று பதில் வந்தது.

கேரளத்துக்காரர் ஒருவர் இந்த ஊரில்தான் முதலில் சமைத்ததாகச் சொல்லப்படும் கறி அது. எங்களுக்கு அது சம்பள நாள் சாப்பாடு. புளிக்குழம்பில் மிதக்கும் வெண்டைக்காய் எனக்கு, கன்னத்துச் சதை அண்ணனுக்கு. அதை முள்ளில்லாமல் எடுத்து அவன் இலையில் வைப்பது அப்பாவின் வேலை.

ஞாயிறு மாலை வாழையிலை போட்டு, கறியும் வந்தது. வழக்கமாக ஜெபிப்பது அப்பா. அன்று என்னைப் பார்த்து, "அவனைப் பண்ணச் சொல்லு" என்றார். நான் சொல்வதற்குள் அண்ணன் கண்ணை மூடிவிட்டான். சின்ன ஜெபம். சாப்பாட்டுக்கு நன்றி, என் பயணம், பாட்டியின் சர்க்கரை, பிறகு "அப்பாவோட முழங்கால் வலி." அப்பாவுக்கு முழங்கால் வலிப்பதை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் இலையையே பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார். கன்னத்துச் சதை அண்ணனின் இலைக்குப் போனது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. பாட்டி இரண்டாவது முறை சோறு கேட்டார், அம்மா சர்க்கரையை நினைவுபடுத்தினார், அது ஒரு சண்டையாகி எல்லாரும் சிரித்தோம்.

வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "டாக்சியா, எம்ஆர்டியான்னு அண்ணனைக் கேளு" என்றார்.

"நீங்களே கேளுங்கப்பா" என்றேன்.

கேட்டார்.