கார்பன் சக்கரம் வாங்கலாமா சார்?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் மகன் ஒருவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 113 கி.மீ., எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மைல் கணக்கில் 70.3 வருவதால் அந்தப் பெயர். கோவாவில் முதன்முதலில் 2019-இல் நடந்தது.

காவிரியில் வளர்ந்தவனுக்கு நீச்சல் பற்றி நான் என்ன சொல்வது? அவன் கேட்டது சக்கரம் பற்றி. ரிம் 60 மி.மீ. ஆழமுள்ள கார்பன் சக்கர ஜோடி, யாரோ ஓட்டிவிட்டு விற்கிறார்கள். விலை மூன்று மாதச் சம்பளம். தங்கையின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்த பணத்தில் எடுத்துக்கொண்டு பிறகு போட்டுவிடலாம் என்று யோசனை. "நீங்க சொன்னா கேட்டுக்கிறேன் சார்" என்றான். (அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.)

சக்கரத்தில் விஷயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 1984-இல் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோவில் மூடிய தட்டுச் சக்கரம் போட்டு ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டினார். 1972-இல் மெர்க்ஸ் ஓட்டியது 49.431. காற்றைக் கிழிப்பதுதான் சைக்கிளில் பெரிய வேலை. வேகம் 20-லிருந்து 30 ஆனால் ஒன்றரை மடங்குதான். ஆனால் காற்றுக்காகக் கால் கொடுக்க வேண்டிய சக்தி 1.5 × 1.5 × 1.5, ஏறக்குறைய மூன்றே கால் மடங்குக்கு மேல். இந்தப் போட்டியில் முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின் ஒளிந்து ஓட்டவும் கூடாது, 12 மீட்டர் இடைவெளி வேண்டும்.

ஆனால் அந்தக் காற்றில் முக்கால் பங்கு மோதுவது ஓட்டுகிறவன் உடம்பில். முழங்கையை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி மூன்று மணி நேரம் உட்காரப் பழகினால் கிடைப்பது, சக்கரம் தரும் சில நிமிடங்களைவிட அதிகம். அதற்குக் காசு கிடையாது.

எனக்குக் கவலை வேறு. இவன் எடை 54 கிலோ. ஆழமான முன் ரிம்மில் பக்கக் காற்று அடித்தால் ஹேண்டில்பாரையே பிடுங்கும். ஹவாயில் நடக்கும் உலகப் போட்டியிலேயே தட்டுச் சக்கரத்தை அனுமதிக்காமல் வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், இவன் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இல்லை, ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக். பயிற்சி எடுப்பது பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தால் ரிம் சூடாகும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். கார்பன் விடாது, ரிம் பிளக்கலாம், டயர் வெடிக்கலாம். யாரோ எப்படியோ ஓட்டிய சக்கரத்தில் உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது.

அதனால் வாங்காதே என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "அங்க எல்லாரும் அதைத்தான் போட்டிருப்பாங்க சார்" என்றான். எல்லாரும் போடுவதில்லை, போட்டோவில் தெரிவது அவர்கள்தான். ஆனாலும் அவன் மனசு எனக்குப் புரிந்தது. கிழிந்த பையோடு பள்ளிக்கு வந்த பிள்ளை, முதல் தடவையாகப் பெரிய இடத்தில் நிற்கப்போகிறான்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கில் நல்ல டயர் இரண்டு, பிரேக் இடம் கொடுத்தால் 28 மி.மீ. அகலத்தில், புது பிரேக் கட்டை, மாற்று டியூப் இரண்டு என்று பேசி முடித்தோம். காற்றைக் கல்லு மாதிரி அடைக்க வேண்டாம், கரடுமுரடான ரோட்டில் அது வேகத்தைக் குறைக்கும். பஞ்சர் ஆனால் தானே மாற்ற வேண்டும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டும் டியூப் மாற்றப் பழகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதுள்ள பின் சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பி தளர்ந்து லேசாக ஆடுகிறது. தருமபுரி, பென்னாகரம் பக்கம் ரேஸ் சைக்கிளுக்கு ஒழுங்காக பெண்டு எடுக்கத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். வரும் ஞாயிறு அவன் ஊருக்கு வருகிறான்.