பெர்முடாவில் ஒரு கப்பல்... கடலூரில் ஒரு கப்பல்!

ஜெட் ஸ்கீயைத் ‘தண்ணீரில் ஓடும் பைக்’ என்பார்கள். ஆனால், பைக் நன்றாக ஓட்டுகிறவர்கள்தான் அதில் முதலில் தடுமாறுவார்கள். எதிரே ஏதாவது வந்தால், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டில்பாரைத் திருப்புவோம் இல்லையா? ஜெட் ஸ்கீயில் அப்படிச் செய்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போய் இடித்துவிடும். அடியில் இழுத்த தண்ணீரைப் பின்பக்கம் பீய்ச்சி அடித்துத்தான் அது ஓடுகிறது. திரும்புவதும் அந்தப் பீய்ச்சலால்தான்.

கடலூர் தேவனாம்பட்டினத்து இளைஞர் ஒருவருக்கு இந்தப் பாடம் கிடைத்தது, அட்லான்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவில். சொகுசுக் கப்பல் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. பெயர் வேண்டாமே என்கிறார். கப்பல் பெர்முடாவில் நின்றபோது அரை நாள் ஓய்வு கிடைத்தது. உடன் வேலை செய்பவர்களோடு கிளம்பிவிட்டார்.

லைஃப் ஜாக்கெட், மணிக்கட்டில் ஒரு சுருள் கயிறு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று இன்ஜின் நின்றுவிடும். வழிகாட்டி முன்னால் போக, மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். முந்தக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரியான தண்ணீருக்கு மேல் துருப்பிடித்த ஒரு கப்பலின் மூக்கு தெரிந்தது. சுற்றிலும் மீன் கூட்டம். எல்லோரும் படம் எடுக்க, இவர் மட்டும் வழிகாட்டியிடம் கேட்டார்: “எத்தனை பேர் செத்தாங்க?”

வழிகாட்டி சிரித்துவிட்டார். அது ‘விக்சன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். எதிரிப் படகுகள் கடற்படைத் தளத்துக்குள் நுழையாமல் வழியை அடைக்க, 1896-ல் பிரிட்டிஷாரே மூழ்கடித்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

அந்தக் கேள்வி அவருக்கு ஏன் வந்தது என்பது தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அவருக்கு ஏழு வயது. சித்தப்பா திரும்பி வரவில்லை. அம்மா கரையில் மீன் விற்கிறாரே தவிர, அன்றிலிருந்து அலையில் கால் நனைத்ததில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்தவர், கடலூர்ப் பக்கம் இப்படிக் கப்பல் ஏதும் மூழ்கியிருக்கிறதா என்று செல்போனில் தேடினார். கிடைத்த பதில் அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

1749 ஏப்ரல். சென்னை அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் கடிலம் ஆற்றை ஒட்டியிருந்த செயின்ட் டேவிட் கோட்டைதான் இந்தக் கரையில் ஆங்கிலேயர்களுக்குத் தலைமையிடம். முந்தைய ஆண்டு புதுச்சேரியைப் பிடிக்க முயன்று தோற்ற அட்மிரல் போஸ்கவனின் கப்பல்கள் இந்தக் கடலில் நங்கூரம் போட்டிருந்தன. ஒதுங்கி நிற்கத் துறைமுகம் இல்லாத திறந்த கடல். அப்போது புயல் அடித்தது. 74 பீரங்கிகள் கொண்ட ‘நமூர்’ என்ற தலைமைக் கப்பல் மூழ்கி 520 பேர் இறந்தார்கள். ‘பெம்ப்ரோக்’ என்ற இன்னொரு போர்க்கப்பலோடு 300-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். போஸ்கவன் கரையில் இருந்ததால் தப்பித்தார்.

விக்சனைப் பார்த்த மாதிரி ஜெட் ஸ்கீயில் போய் நமூரைப் பார்க்க முடியாது. விக்சன் இரும்பு. நமூர் மரக்கப்பல். வெப்பக் கடலில் மரத்தைக் கப்பல் புழு தின்றுவிடும். மிஞ்சியதை ஆறு கொண்டுவரும் வண்டல் மூடிவிடும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதை அம்மாவிடம் சொன்னார். எந்த நாட்டுக் கப்பல், எவ்வளவு பெரியது என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை. “ஐந்நூத்திருபது பேரா? அவங்க வீட்டுக்குச் சேதி போவ எத்தினி நாளாச்சோ தம்பி?” என்றார்.

பாய்மரக் கப்பல் காலம் அது. கடிதம் இங்கிலாந்து போய்ச் சேர மாதக்கணக்காகும். பிள்ளை செத்தது தெரியாமலே அத்தனை மாதமும் அவனுக்காகக் காத்திருந்த தாய்மார்கள் இருந்திருப்பார்கள். இதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

மறு வாரம் அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். நடராஜரைத் தரிசித்துவிட்டு அங்கிருந்து பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் சுரபுன்னைக் காடு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரமும் இங்கே உண்டு. அதே 1749 புயல், தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கிளம்பிய ஆங்கிலேயப் படையை இந்தப் பக்கம் பரங்கிப்பேட்டை அருகில்தான் புரட்டிப் போட்டது. சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் வெளியான ஆய்வும் சொன்னது.

“மோட்டார் போட்டா, துடுப்புப் படகா?” என்று கேட்டபோது, “துடுப்பே போதும்” என்றார் அம்மா. ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருக்கிறதா என்று எண்ணினார். மகனின் ஜாக்கெட் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று படகுக்காரரிடம் விசாரித்தார். வேர்களுக்கு நடுவே படகு நுழைந்த பிறகுதான் பிடித்திருந்த பலகையை விட்டார்.

ஜெட் ஸ்கீயோ, துடுப்புப் படகோ... ஏறும் முன் இந்த மூன்றையும் நீங்களும் பாருங்கள். ஜாக்கெட், அதன் வார், காற்று.

இளைஞர் மறுபடி கப்பலேறிவிட்டார். ஒவ்வொரு துறைமுகத்திலும் சிக்னல் கிடைத்ததும், “யம்மா, நல்லா இருக்கேன்” என்று முதல் வாய்ஸ் மெசேஜ் தேவனாம்பட்டினத்துக்குப் போகிறது.