வாவியை மறந்துவிடும் மென்பொருள்

"உங்கட ஊரில மலையே இல்லை, சமவுயரக் கோடு எதுக்கு?" மலைநாட்டு நண்பர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. உண்மையில் அது எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. மலைச்சரிவில் ஒரு மீற்றர் வித்தியாசம் என்றால் நாலைந்து படி. மட்டக்களப்பு வாவிக்கரையில் அதே ஒரு மீற்றர் என்றால் பல வீடுகள் தண்ணிக்குள்ள.

சிவில் த்ரீடி போன்ற மென்பொருளில் நிலத்தை உருவாக்குவது பார்க்க லேசு. அளந்த ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று எண் கொடுத்தால் போதும். அது புள்ளிகளை முக்கோணங்களாகக் கோத்து ஒரு மேற்பரப்பு செய்துவிடும். இதன் அடிப்படை 1934இல் ரஷ்யக் கணிதவியலாளர் டெலோனே எழுதியது: ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டு வட்டம் போட்டால், அதற்குள் வேறு புள்ளி இருக்கக்கூடாது. பிறகு கோடுகள். 20 மீற்றர் இடைவெளியில் 1.20, 1.60 என்று இரண்டு உயரங்கள் இருந்தால், 1.50 கோடு முதற்புள்ளியிலிருந்து 15 மீற்றரில் போகும். நடுவில் நிலம் நேராகச் சரிகிறது என்பது மென்பொருளின் நம்பிக்கை. அதை யாரும் அளக்கவில்லை.

இந்த நம்பிக்கைதான் எங்கட ஊரில் சிக்கல். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அளந்த புள்ளிகளை ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். நீளமான முக்கோணங்கள் இரண்டு கரையையும் இணைத்துவிடும். கல்லடிப் பாலமும் வேண்டாம், மண்முனைப் பாலமும் வேண்டாம், வாவியே நிலமாகிவிடும்! கரையோரமாக எல்லைக்கோடு கீறி, நீளமான முக்கோணங்களை வெட்டிவிட்ட பிறகுதான் வாவி திரும்பி வரும்.

வாவி காணாமல் போனால் கண்ணுக்குத் தெரியும். வரம்பு காணாமல் போனால் தெரியாது. வட்டைக்குள் ஓடும் வரம்பின் மேல் புள்ளிகள் எடுத்திருந்தாலும், அவற்றை 'பிரேக்லைன்' என்ற கோட்டால் இணைக்காவிட்டால் முக்கோணங்கள் குறுக்கே பாயும். தொடர்ச்சியான வரம்பு, தனித்தனி மண்குவியல்களாகிவிடும். திரையில் தண்ணி அவற்றின் இடையால் ஓடும். வயலில் ஓடாது.

"இணையத்தில் இலவச உயரத் தரவு இருக்கே?" என்பீர்கள். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடாரால் அளந்த தரவு அது. கிட்டத்தட்ட 30 மீற்றருக்கு ஒரு உயரம், அதுவும் முழு மீற்றரில். தென்னந்தோப்பு, கண்டல் காடு உள்ள இடத்தில் மர உயரமும் அதில் கலந்திருக்கும். பெரிய மலைக்குப் பரவாயில்லை. அரை மீற்றரில் தலைவிதி மாறுகிற கரைக்கு அது போதாது.

இது வெறும் பாடவேலை இல்லை. படுவான்கரையில் ஒரு உள்வீதியை உயர்த்திப் போட்டார்கள். வீதி நல்ல வீதி. ஆனால் பழைய நீரோட்டம் கடந்த இடத்தில் மதகு இல்லை. அடுத்த மாரியில் ஒரு பக்கத்து வளவுகளில் தண்ணி தேங்கி நின்றது. நாங்கள் லெவல் பிடிக்கப் போனபோது அங்கிருந்த ஒரு ஐயா சொன்னார்: "புள்ளையள், தண்ணி எங்கால போகும் எண்டு இஞ்ச ஆரும் கேக்கல்ல." பிறகு 2011 ஜனவரி வெள்ளம் தன் வீட்டுச் சுவரில் எதுவரை நின்றது என்று கையால் தொட்டுக் காட்டினார். அந்த உயரத்தையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டோம்.

வாவியின் நீர்மட்டமும் நிலையானதல்ல. முகத்துவாரத்தை மணல் மூடினால் மழைத்தண்ணி உள்ளே ஏறும், வெட்டிவிட்டால் இறங்கும். எந்த மட்டத்துக்கு வீதி போடுவது, எவ்வளவு கிறவல் நிரப்புவது என்ற முடிவெல்லாம் இதோடு சேர்ந்தது. ஒரு வளவு உயர்ந்தால் பக்கத்து வளவு பள்ளமாகிறது.

ஆகவே சிவில் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேலை. அடுத்த மாரியில் உங்கட ஒழுங்கையில் தண்ணி அசையாமல் நிற்கும்போது, அதன் ஓரத்தில் நாலைந்து குச்சி நட்டுவிடுங்கள். அந்த ஓரம் முழுக்க ஒரே உயரம். தண்ணி தானே கீறிய சமவுயரக் கோடு அது. வெயில் வந்ததும் குச்சிகளை அளந்து, உங்கட வரைபடக் கோட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் தண்ணியை நம்புங்கள்.