பெயர் இல்லாத பட்டியல்

பூதலூர் போன்ற தாலுகா ஊரில் பகுதி நேர நிருபராக இருப்பவருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சேறிய செய்திக்கு வரிக் கணக்கில் கொஞ்சம், படத்துக்குக் கொஞ்சம், பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். வீட்டுச் செலவு ஓடுவது பெரும்பாலும் கமிஷனில்தான். பொங்கல் சிறப்பிதழுக்கு வாழ்த்து விளம்பரம் கேட்டு மார்கழியில் எவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறேனோ, அவரைப் பற்றியே தையிலோ மாசியிலோ செய்தி எழுத வேண்டி வரும். எழுதியிருக்கிறேன், சில சமயம் எழுதாமலும் விட்டிருக்கிறேன். புலனாய்வுப் பத்திரிகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். துணிச்சல் வேண்டியதுதான். ஆனால் காசில்லாத துணிச்சல் ஒரு அறுவடைக் காலம் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது. ஆதாரம் இல்லாத துணிச்சல் அதைவிடச் சீக்கிரம் வக்கீல் நோட்டீஸில் போய் முடியும்.

ஆதாரம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர். குத்தகை நிலத்தில் சம்பா போட்டவர். அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துப்போயிற்று. ஊருக்கு நிவாரணம் வந்தது, அவருக்கு வரவில்லை. கேட்ட இடத்தில், “பட்டியல்ல பேரு இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. வெள்ளைத்தாளில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். சட்டம் சொல்லும் முப்பது நாள் கழிந்தும் பதில் இல்லை. மேல்முறையீடு போட்டார். கடைசியில் ஒரு கத்தைக் காகிதம் வந்தது. அதில் பயனாளியின் பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு, தொகை எல்லாம் இருந்தன.

அந்தக் கத்தையோடு அவர் என்னிடம் வந்தபோது, அதே நிவாரணத்தைப் பற்றி நான் ஏற்கெனவே செய்தி அனுப்பி முடித்திருந்தேன்: இத்தனை எக்டேர், இத்தனை விவசாயிகள், இவ்வளவு ரூபாய். அதிகாரிகள் தந்த கணக்கு அது, தப்பும் இல்லை. பெரியவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்:

“பேர எடுத்துட்டு தொகைய மட்டும் போட்டா, அது யாரு கைக்குப் போச்சுன்னு எப்புடி தம்பி தெரியும்?”

“அதான் மொத்தக் கணக்கு வந்திருக்கேங்கய்யா.”

“மொத்தக் கணக்குல நான் எங்க இருக்கேன்னு காட்டு.”

இருவரும் பட்டியலை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். சில பெயர்களுக்கு உரியவர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தார்கள். அவர்கள் நிலத்தை உழுதவர் இங்கே கடனில் இருந்தார். குத்தகைப் பதிவு இல்லாததால் பட்டா யார் பெயரிலோ அவருக்கே பணம் போயிருந்தது. அதில் திருட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது. ஆனால் வேறு சில சர்வே எண்களில் அந்தப் பருவம் நடவே நடக்கவில்லை என்று அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சொன்னார்கள். அதை எழுதினோம். மறுபடி கணக்கெடுத்தார்கள். சிலருக்குப் பணம் கிடைத்தது, அவர்களில் பெரியவரும் ஒருவர். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: எந்தத் திட்டமானாலும் மொத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் பட்டியலைக் கேட்பேன்.

பட்டியலைக் கேட்கும் உரிமை யாரோ பெரிய மனது வைத்துக் கொடுத்தது அல்ல. ராஜஸ்தானில் கூலிக்காரர்கள் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைக் காட்டச் சொல்லி ஊர் நடுவில் பந்தல் போட்டு உட்கார்ந்ததில் கிளம்பிய இயக்கம் அது. தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்தது, விதிவிலக்குகள் நிறைந்த பலவீனமான சட்டமாக இருந்தாலும். 2005இல் வந்த மத்தியச் சட்டம்தான் கையில் பிடிக்கத் தகுந்தது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல் இணையத்தில் பெயரோடு ஏறியது இந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

அரசு ஆவணம் இணையத்தில் திறந்து கிடந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் மாவட்டமே 2023இல் பார்த்தது. மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட சுரங்கப் பகுதிகளின் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி இருந்தது. கூடவே அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி. பழுப்பு நிலக்கரிக்காக. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டம் போட்ட பிறகு இது. யாரும் ஊரில் தண்டோரா போடவில்லை. பட்டியலைப் படித்தவர்கள் எழுதினார்கள், எழுதியதைப் பார்த்து விவசாயிகள் கிளம்பினார்கள், முதல்வர் பிரதமருக்குக் கடிதம் அனுப்பினார், சட்டமன்றத்தில் பேசினார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. பட்டியலில் ஊர்ப் பெயர் மறைக்கப்பட்டிருந்தால் நாங்கள் எதை வைத்து எழுதியிருப்போம்?

அதே 2023 ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வங்கி, செல்போன் நிறுவனம், செயலி நடத்துகிறவர்கள் நம் விவரங்களைக் கண்டபடி விற்காமல் தடுக்கும் சட்டம் என்று நினைத்தேன். அதுவும்தான். ஆனால் அதன் 44ஆம் பிரிவின் ஒரு துணைப் பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் உள்ளே புகுந்து 8(1)(ஜே) என்ற இடத்தைத் திருத்துகிறது. முன்பு அங்கே என்ன இருந்தது? தனிநபர் தகவல் பொதுப் பணிக்குத் தொடர்பில்லாததாக இருந்தாலோ, தேவையில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடுவதாக இருந்தாலோ மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைகளும் போய், தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது சட்டத்தின் பல பகுதிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்தார்கள். இந்தத் திருத்தத்துக்கோ அவகாசமே இல்லை, உடனே அமலுக்கு வந்தது.

பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது என்று அரசு தரப்பில் சொல்கிறார்கள். உண்மைதான், இருக்கிறது. ஆனால் தாலுகா அளவில் பதில் எழுதுகிற பொதுத் தகவல் அலுவலர், எளிதாக மறுக்க ஒரு வரி கையில் இருக்கும்போது, பொதுநலனை நிறுத்துப் பார்க்கும் வேலையைத் தானாக ஏன் எடுத்துக்கொள்ளப்போகிறார்? தலைமதகில் ஷட்டரை இறக்கினால் கடைமடைக்காரனுக்குச் சேதி தெரிய நாலு நாளாகும். டெல்லியில் இறக்கிய ஷட்டர் எங்கள் மனுக்களில் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவிலும் 2019 மசோதாவிலும் பத்திரிகைப் பணிக்கு விலக்கு இருந்தது. 2023 சட்டத்தில் அது இல்லை. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒருவரின் விவரங்களைச் சேகரித்துக் கணினியில் வைக்கும் நிருபர் அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டியவர் ஆகிறார். நிவாரணத்தை முறைகேடாக வாங்கியவரிடமே போய், “உங்களப் பத்தி எழுதலாங்களா?” என்று கேட்க வேண்டும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உலகிலேயே கடுமையானது என்பார்கள். அதன் 85ஆவது பிரிவு, தரவுப் பாதுகாப்பையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் சமன் செய்யும் விலக்குகளை ஒவ்வொரு நாடும் எழுதியாக வேண்டும் என்கிறது.

அந்தரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது. என்னிடம் ரகசியமாகப் பேசிய கடைநிலை ஊழியரைக் காப்பாற்றவும் அந்த உரிமைதான் வேண்டும். பட்டியலில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் போன் நம்பரும் இருந்தால் அடித்து மறைத்துவிட்டுக் கொடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், தொகை ஆகிய நான்கும் பொதுப் பணத்தின் விவரம், தனிமனிதரின் ரகசியம் அல்ல.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3ஆம் தேதி வெளியானது. கருத்துச் சொல்ல முதலில் பிப்ரவரி 18 வரை அவகாசம். டெல்டாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதிகளைப் பார்த்தாலே தெரியும். பொங்கல், சம்பா அறுவடை, கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பப்பட்ட நெல். நான் களம் களமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. சென்னை நண்பர் ஒருவர் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ராத்திரி உட்கார்ந்து படித்து, எனக்குத் தெரிந்ததைத் தமிழில் எழுதி, அரசின் இணையதளத்தில் ஏற்றினேன். யாராவது படித்தார்களா என்பதை அறிய வழியே இல்லை, ஏனென்றால் வரும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலையோ பெரிய குவாரியோ வருவதானால், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாவட்டத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும். யார் என்ன பேசினார் என்பது பதிவாக வேண்டும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய அரசு சொன்னபோது டெல்டாவே கொதித்தது. நிலத்துக்குக் கேட்கிற அந்த உரிமையைத் தகவலுக்கும் கேட்க வேண்டும் என்று நமக்கு இன்னும் தோன்றவில்லை.

பத்திரிகைக்காரர்கள் இணையத்தின் விதிகளில் தலையிட்டு நாட்டுக்கு நல்லது நடந்ததும் உண்டு. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சமநிலை பற்றி நூற்றுப்பதினெட்டுப் பக்க ஆலோசனை அறிக்கை வெளியிட்டபோது, மீடியாநாமா இணையதளத்தின் ஆசிரியர் நிகில் பாஹ்வாவும் நண்பர்களும் அதைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் காட்டினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8இல் டிராய் பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவை விட்டுப் போனது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டபோது செய்திக்காரன் கை கட்டப்பட்டது. அதேபோலக் காஷ்மீரில் கட்டப்பட்டபோது, காஷ்மீர் டைம்ஸின் அனுராதா பாசின் வழக்குத் தொடுத்தார். துண்டிப்பு உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10இல் சொன்னது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடங்கியபோது, அதைத் திறக்க விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் கேலிச்சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்த பிறகு தளம் திறந்தது. டிராய் விஷயத்தில் விதி எழுதப்படும் முன்பே போனார்கள். மற்ற இரண்டிலும் அடி விழுந்த பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். பெரிய நிறுவனத்துக்கும் நாளிதழ் ஆசிரியருக்கும் கோர்ட் எட்டும். தாலுகா நிருபருக்கு எட்டாது. அதனால் எங்களுக்கு முதல் வழி ஒன்றுதான் உண்டு.

பிரஸ் கிளப் ஆஃப் இந்தியாவும் எடிட்டர்ஸ் கில்டும் தரவுச் சட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்திருக்கின்றன. அந்தக் குரல் மாவட்டங்களிலிருந்தும் எழ வேண்டும். பத்திரிகைப் பணிக்கான விலக்கை மீண்டும் சேர்க்க வேண்டும்; 8(1)(ஜே) பழைய வாசகத்துக்குத் திரும்ப வேண்டும்; இணைய விதிகளின் வரைவு தமிழில் வர வேண்டும், வந்த கருத்துகள் வெளியாக வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் நெல் விலையைக் கேட்கிற அதே கூட்டத்தில் இதையும் கேளுங்கள். நல்ல செய்தி தருகிற பத்திரிகை எதுவானாலும் ஆண்டுச் சந்தா கட்டுங்கள். நீங்கள் கட்டாத காசை விளம்பரதாரர் கட்டுகிறார், அவர் சும்மா கட்டுவதில்லை. தகவல் கேட்டு மனுப் போடுங்கள். “தனிநபர் தகவல்” என்று மறுத்து ஒரு வரிக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாமல் உங்கள் ஊர் நிருபரிடம் கொடுங்கள். எத்தனை ஊரில், எந்தெந்தப் பட்டியல் மறுக்கப்பட்டது என்று நாங்கள் எழுத அந்தக் கடிதங்கள் வேண்டும்.