கலங்கிய ஹவுள்

பள்ளிவாசலுக்குள் நுழைகின்ற எவரும் இறைவனின் முன்னிலையில் நிற்பதற்கு முன்னர் நீரின் முன்னிலையில் அமர்கின்றார். அந்த நீர் எந்நிலையில் இருக்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கின்றோம்?

கோடை முற்றிய நாள்களில் எங்கள் பள்ளிவாசலின் ஹவுள் ஆண்டுதோறும் கலங்கும். முதலில் ஒரு மங்கல்; பின்னர் இளம்பச்சை; அதன் பின்னர் படிகளில் வழுக்கும் பாசி. ஜும்ஆவுக்கு வருவோர் முகம் சுளித்து, "மோதினார் என்னதான் செய்கிறார்?" என்று கேட்பர். மோதினாரோ அறுபதைக் கடந்தவர். ஐவேளையும் பாங்கு சொல்லி, பாய் விரித்து, முற்றம் பெருக்குபவர். அவரும் தம்மால் இயன்றதாகப் பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளி இடுவார். நீர் முன்னிலும் வெளுத்துக் கலங்கும். மதரஸாப் பிள்ளைகள் கண்களைக் கசக்கிக்கொண்டு என் வகுப்புக்கு வருவர்.

ஜமாஅத் கூட்டத்தில் இது பெரும் வாதமாயிற்று. ஹவுளை மூடிவிட்டுக் குழாய் அமைப்போம் என்றனர் இளைஞர். முன்னோர் வெட்டியதை நாம் மூடுவதா என்றனர் முதியோர். மோதினார் தூணோரம் தலைகுனிந்து நின்றார். அப்போது, துபாயில் வீட்டு நீச்சல்குளங்களைப் பராமரிக்கும் பணியில் பல்லாண்டுகள் இருந்து திரும்பிய சகோதரர் ஒருவர் எழுந்தார். "ஹஸ்ரத், தண்ணீர் எதனால் கலங்குகிறது என்று யாராவது பார்த்தோமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அக்கேள்விக்குப் பின்னரே வாதம் ஓய்ந்து வேலை தொடங்கிற்று.

தூய்மை வேறு, தெளிவு வேறு

மார்க்கச் சட்டம் இதில் நமக்கு விரிந்த இடம் தந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து அளவையும், ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்ற பரப்பையும் எட்டிய நீர், அசுத்தம் விழுந்து அதன் நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி அசுத்தமாவதில்லை. நெடுநாள் தேங்கியதாலும், மண்ணாலும் பாசியாலும் ஏற்படும் மாற்றம் ஒளுவுக்குத் தடையன்று. ஆயினும் ஒளுவுக்குத் தகுந்த நீர் உடலுக்கும் நலம் தருவதாகவே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கண்ணாடி போல் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். தூய்மை, தெளிவு, நலம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

கலங்கலின் காரணங்கள்

கலங்கலுக்குப் பொதுவாகக் காரணங்கள் மூன்று. ஒன்று, நுண்ணிய களிமண் துகள்கள். இவை ஒரே வகை மின்னூட்டம் உடையவை; ஒன்றையொன்று விலக்குவதால் அடியில் படியாமல் மிதக்கின்றன. படிகாரம் இவற்றைப் பஞ்சு போல் திரளச் செய்து அடியில் இறக்குகின்றது. நம் பாட்டிமார் குடத்தினுள் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதே பயன் கருதித்தான். இரண்டு, வெயிலும் உரமும் கிடைத்தால் பெருகும் பாசி. மூன்று, சுண்ணாம்பு. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டினால் வெண்மை படர்வது இதனால்தான். எங்கள் மோதினாரின் முயற்சி எதிராய் முடிந்ததன் காரணம் விளங்கிற்றல்லவா?

செய்முறை

முதலில் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழம் எனில் 600 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். ஆக, சுமார் 17,000 லிட்டர்.

ஹவுளை மூன்று நாள்கள் மூடி, ஒளுவுக்கு வாளிகளில் நீர் வைத்தோம். பாசியைத் தேய்த்துப் பெயர்த்தோம். கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. இக்கணக்கில் எங்கள் ஹவுளுக்கு 43 கிராம் போதும்; இரண்டு கை அள்ளுவது எத்துணை மிகை என்பதைக் காண்க! எனினும் பாசி படர்ந்த நீரில் அழுக்கே குளோரினை விழுங்கிவிடும். ஆகவே சோதனைச் சொட்டு மருந்தைக் கொண்டு பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். வெயில் குளோரினை அழிக்குமாதலால் மாலையே ஏற்ற வேளை.

மறுநாள், 1,000 லிட்டருக்கு 30 கிராம் வீதம் சுமார் அரைக் கிலோ படிகாரத்தைக் கரைத்து ஊற்றி மெல்லக் கலக்கினோம். இரவு முழுவதும் எவரும் நீரைத் தொடவில்லை. காலையில் அடியில் படிந்த கசடைக் குழாய் கொண்டு உறிஞ்சி வெளியேற்றினோம். நீச்சல்குளத்தில் இவ்வேலையை மணல் வடிகட்டி செய்கின்றது; நமக்கோ பொறுமையே வடிகட்டி. கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை முன்னதாகவே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டோம். குளோரினும் மீனும் ஓரிடத்தில் வாழா.

மூக்கினுள் செல்லும் நீர்

இதனை ஓர் அழகு வேலையாக மட்டும் எண்ண வேண்டா. வெப்பமான நன்னீரில் வாழும் நெக்லீரியா என்னும் அமீபா, மூக்கின் வழியே மூளையை அடைந்தால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. மிக அரிதானதும் கூட. ஆயினும் 2012-இல் கராச்சியில் இந்நோயால் இறந்தவர்களுள் நீந்தும் வழக்கமே இல்லாதவர்களும் இருந்தனர். ஒளுவின்போது மூக்கினுள் சென்ற நீர் காரணமாகலாம் என மருத்துவர்கள் கருதினர். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் மரணங்கள் நேர்ந்தன. மூக்கிற்கு நீர் செலுத்துவது நமக்குச் சுன்னத். அந்தச் சுன்னத்தை நிறைவேற்றும் சிறுவனின் கையில் எத்தகைய நீரைக் கொடுக்கின்றோம் என்பது ஜமாஅத்தின் பொறுப்பன்றோ? தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொதுநீரைக் காப்பது வணக்கத்திற்குப் புறம்பானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாம் நாள் அஸருக்கு ஹவுளின் அடிக்கல் தெரிந்தது. இப்போது வாரம் இருமுறை சோதனை நடைபெறுகின்றது. இளைஞர் நால்வர் முறைவைத்து மோதினாருக்குத் துணை நிற்கின்றனர். மூடுவதா வேண்டாமா என்னும் வாதம் இன்னும் முடியவில்லை. அது முடியும் வரையேனும் நீர் நன்றாக இருக்கட்டும்.

வாசகர்களே! அடுத்த ஜும்ஆவில் உங்கள் ஹவுளைக் குனிந்து பாருங்கள். அது கலங்கியிருந்தால் மோதினாரை ஏசாதீர்கள்; சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவருடன் இறங்குங்கள். தூய்மையை நேசிப்போரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.